பட்டி போட்டு மறைத்த ஓட்டை

கிட்டாரின் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் சின்னப் பெட்டிதான் கிட்டார் பெடல். சேலத்தில் அதைச் சொந்தமாகச் செய்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் எதற்காகவோ அலுமினியப் பெட்டியில் ஓட்டை போட வெளியே கொடுக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இது. பட்டறையின் பெயரைச் சொல்லப்போவதில்லை, கேட்காதீர்கள்.

நான் கொடுத்தது நான்கு பெட்டிகள். 125பி அளவு, வார்ப்பு அலுமினியம், ஏறக்குறைய 12 செ.மீ. நீளம், 6.5 செ.மீ. அகலம். வீட்டில் இருப்பது கை டிரில். அதில் காலால் மிதிக்கும் சுவிட்சுக்கு 12 மி.மீ. ஓட்டை போட்டால் வட்டமாக வராது, மூன்று மூலையாக வந்து நிற்கும். அதனால்தான் பெஞ்ச் டிரில் வைத்திருக்கும் பட்டறையாகப் பார்த்துப் போனேன். பெட்டிக்கு 250 ரூபாய், ஆயிரத்தையும் பட்டறைக்காரர் முன்பணமாக வாங்கிக்கொண்டார்.

"தம்பி, கொலுசுக்கு டை வெட்டுறவன் நான். இதெல்லாம் ஒரு வேலைங்களா?"

சேலத்துக்காரனுக்கு இந்த ஒரு வார்த்தை போதாதா? கொலுசு டை, அதாவது அச்சு, வெட்டுகிற கைக்கு 12 மி.மீ. ஓட்டை எம்மாத்திரம் என்று வந்துவிட்டேன். பெயின்ட்டும் தானே அடித்துத் தருவதாகச் சொன்னார், அதுவும் காசு வாங்காமல். அங்கேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்துப் பெட்டிகள் வந்தன. உள்ளும் புறமும் மேட் கறுப்பு, பார்க்க அழகுதான். முதல் பெட்டியில், கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் ஒரு ஃபஸ் சர்க்யூட்டைப் பூட்டினேன். ஆம்ப்ளிஃபையரைப் போட்டதும் கொர்ர்ர் என்று ஓயாத இரைச்சல். பெட்டியைக் கையால் தொட்டால் இன்னும் கூடியது. சர்க்யூட்டில்தான் கோளாறு என்று நினைத்து இரண்டு ராத்திரி சால்டரிங் அயனோடு உட்கார்ந்தேன். ட்ரான்சிஸ்டரைக்கூட மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

மூன்றாம் நாள்தான் மல்டிமீட்டரை, கிட்டார் வயரைச் செருகும் ஜாக்கின் எர்த்திலும் பெட்டியின் மூலையில் கீறிவிட்ட இடத்திலும் வைத்தேன். பீப் சத்தம் வரவில்லை, இரண்டுக்கும் இணைப்பே இல்லை. ஜாக்கின் நட்டு பெட்டியின் உலோகத்தை நன்றாகக் கடித்துப் பிடித்தால்தான் பெட்டி எர்த் ஆகும், வெளி இரைச்சல் உள்ளே வராது. இங்கே நட்டுக்கு அடியில் உலோகமே இல்லை. பிளேடால் சுரண்டினால் சாம்பல் நிறத்தில் பொடி உதிர்ந்தது. எம்-சீல் மாதிரியான பட்டி! இரண்டாவது பெட்டியில் மிதி சுவிட்சின் நட்டை ஸ்பேனரால் கால் சுற்று இறுக்கியபோது டிக் என்று ஒரு சத்தம், அரை வட்டப் பட்டி கையோடு வந்துவிட்டது.

நான்கையும் சுரண்டிப் பார்த்தேன். பிட் வழுக்காமல் இருக்க முதலில் சின்னக் குழி போடும் சென்டர் பஞ்சை அடிக்காமலே பிட்டை வைத்திருக்கிறார்கள். அது வழுக்கி 3 மி.மீ. தள்ளிப் போயிருக்கிறது. பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை போட்டிருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து எட்டு வடிவம் ஆகிவிட, மிச்சத்தில் பட்டி அடைத்துத் தேய்த்துப் பெயின்ட்.

எடுத்துக்கொண்டு போனேன். "பையன் கை டிரில்ல போட்டுட்டான் தம்பி. வெளிய ஒண்ணும் தெரியலியே?" என்றார். "சொல்லியிருந்தா நானே சரி பண்ணியிருப்பேனே அண்ணே" என்றதற்குப் பதில் இல்லை. ஆயிரத்தில் முந்நூறு திரும்பி வந்தது. ஓட்டை தள்ளிப் போவது எனக்கும் நடக்கிறதுதான், அதில் எனக்குக் கோபமே கிடையாது. ஆனால் காலால் ஓங்கி மிதிக்கிற சுவிட்சைப் பட்டியில் நிறுத்திவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்ததை என்னவென்று சொல்வது?

கொடுக்கிறவர்கள் பெயின்ட் அடிக்காமல் வெறும் உலோகமாகவே திருப்பி வாங்குங்கள். இலவசம் என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். பட்டி முழுவதையும் நோண்டி எடுத்துவிட்டு, சுவிட்சுக்கு உள்பக்கம் 1.5 மி.மீ. அலுமினியத் தகட்டில் சுத்தமாக ஒரு 12 மி.மீ. ஓட்டை போட்டு வைத்தேன். வெளியே அகலமான வாஷர். சுவிட்சின் மரை நீளம் என்பதால் இது தாங்கும். ஜாக்குக்கு அதே தகட்டை வைத்தபோது நட்டு மரையைப் பிடிக்கவே இல்லை, 1 மி.மீ. தகட்டுக்கு மாறினேன். தகடு உட்காரும் இடத்தில் உலோகம் வெள்ளையாகத் தெரியும்வரை பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, பல் வாஷர் போட்டு இறுக்கியதும் மீட்டர் பீப் என்றது. அந்த இரைச்சலும் போய்விட்டது. எல்ஈடி ஓட்டை கோணியிருந்தால் 8 மி.மீ. ஆக்கி உலோக வளையம் உள்ள ஹோல்டரை மாட்டுங்கள், கோணல் அதற்கடியில் மறைந்துவிடும்.

9 வோல்ட் பவர் ஜாக்கில் மட்டும் அவசரப்படாதீர்கள். ஓட்டை பெரிதாகிவிட்டதே என்று கையில் கிடைத்த உலோக ஜாக்கை மாட்டினால் வம்பு. பெடல்களில் பெரும்பாலும் நடு ஊசிதான் நெகட்டிவ், வெளிப்பக்கம் பாசிட்டிவ். அந்த வெளிப்பக்கம், எர்த் வழியாக நெகட்டிவோடு சேர்ந்திருக்கும் பெட்டியைத் தொட்டால் நேராக ஷார்ட். பிளாஸ்டிக் உடம்பு உள்ளதையே போடுங்கள்.

இப்படி மூன்று பெட்டிகள் தேறின. நான்காவதில் ஓட்டைக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு மில்லிகூட மிச்சமில்லை, தகடு வைக்க இடமே கிடையாது. அதில் உதிரி ரெசிஸ்டர்களைப் போட்டு வைத்திருக்கிறேன். தூக்கும்போதெல்லாம் ஓட்டை வழியாக இரண்டு மூன்று கீழே விழுகின்றன.