‘தி லாஸ்ட் வேர்ல்ட்’: சுருளா, புளூரேவா?

1925-இல் வந்த இந்த அமெரிக்க மௌன டைனோசர் சாகசப் படத்தைச் சேகரிக்க இன்று இரண்டு வழி: பழைய 16 எம்.எம். சுருள், இல்லையென்றால் மீட்டெடுத்த புளூரே. அசல் 35 எம்.எம். நைட்ரேட் பிரதியைக் கணக்கில் சேர்க்கவில்லை. தீப்பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும் சரக்கு அது, வீட்டில் வைக்கக் கூடாது.

முதலில் சுருள். கோடக் 1923-இல் எளிதில் தீப்பற்றாத அசிட்டேட் என்ற பிளாஸ்டிக் படலத்தில் 16 எம்.எம். கொண்டுவந்தது. அப்புறம் ‘கோடாஸ்கோப்’ நூலகங்கள் பெரிய படங்களை வெட்டி, வீட்டில் போட்டுப் பார்க்க வாடகைக்கு விட்டன. பத்து ரீல் படம் ஐந்து ரீலானது. 1929 வாக்கில் தியேட்டர் பிரதிகளைத் திரும்பப் பெற்று அழித்துவிட்டார்கள். பிறகு பல பத்தாண்டுகள் ரசிகர்கள் பார்த்தது பெரும்பாலும் இந்தப் பாதிப் படத்தைத்தான். வெட்டுப்பட்ட பிரதிதானே என்று ஏளனம் செய்பவர்களுக்கு ஒரு கணக்கு: அமெரிக்க மௌனப் படங்களில் அசல் வடிவில் முழுசாக மிஞ்சியவை 14 சதவீதம்தான் என்கிறது அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு.

விலிஸ் ஓபிரையன் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திய பொம்மை டைனோசர்கள் மஞ்சள் சாயல் ஏறிய அந்தச் சுருளில் ஓடும்போது வரும் சுகம் தனி. ஆனால் பெட்டியைத் திறந்து மோந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். வினிகர் வாடை அடித்தால் அசிட்டேட் கெடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சுருங்கிய சுருளைப் புரொஜெக்டர் கிழித்துவிடும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் புரொஜெக்டரும் வேண்டும். நொடிக்கு 24 ஃபிரேம் மட்டும் ஓட்டும் கருவியில், அதைவிட மெதுவாக எடுத்த இந்தப் படத்தில் எல்லோரும் ஓட்டமாய் ஓடுவார்கள்.

புளூரே வேறு ரகம். செக் நாட்டு ஆவணக் காப்பகத்தில் கிடைத்த பிரதி 1990-களின் மீட்டெடுப்புக்குக் கை கொடுத்தது. பாரிஸின் லாப்ஸ்டர் ஃபிலிம்ஸ் 2016-இல் மேலும் துண்டுகளைச் சேர்த்து 100 நிமிடத்துக்கு மேல் கொண்டுவந்தது. பல பிரதிகளிலிருந்து எடுத்து ஒட்டியதால் படத்தின் தரம் ஏறி இறங்கும். இருந்தாலும் கதை இப்போதுதான் ஓரளவு முழுசாய்ப் புரிகிறது. மலிவு டிவிடி வாங்குவதானால் பின்னட்டையில் நிமிடக் கணக்கைப் பாருங்கள். ஒரு மணி நேரம்தான் என்றால், பழைய கோடாஸ்கோப் வெட்டு வட்டாக வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், புளூரேவே என் தேர்வு. வட்டே வராத வேறு கோடாஸ்கோப் படம் கண்ணில் பட்டால் மட்டும் நான் கட்சி மாறிவிடுவேன். வாடை இல்லையென்றால் பேரம்கூடப் பேச மாட்டேன்.