கெர்னலுக்குள் குறியாக்கம்: ஏசிங்க் கோரிக்கையா, நேரடி அழைப்பா?

லினக்ஸ் கெர்னலில் குறியாக்கம் செய்ய இன்று இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கிரிப்டோ ஏபிஐ. 2002-இல் நெட்வொர்க் பாக்கெட்டுகளைக் குறியாக்கும் ஐபிசெக்குக்காக கெர்னலின் 2.5 வரிசையில் சேர்ந்தது. பின்னர் குறியாக்கத்துக்கென்றே உள்ள வன்பொருள் எஞ்சின்களுக்காக ஏசிங்க் முறைக்கு வளர்ந்தது, அதாவது வேலை முடியும் முன்பே அழைப்பு திரும்பிவிடலாம். மற்றொன்று லிப்/கிரிப்டோ அடைவிலுள்ள சாதாரண ஃபங்ஷன்கள். 2020-இல் 5.6 பதிப்பில் வந்த வயர்கார்ட் என்ற விபிஎன் இவற்றின் மேல்தான் நிற்கிறது. வேகத்தை அளக்கும் முன்பே ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: உங்கள் கோடு (நிரல்) ஓடும் இடத்தில் தூங்கலாமா, அதாவது சிபியூவை விட்டுக்கொடுத்துக் காத்திருக்கலாமா?

கிரிப்டோ ஏபிஐயில் அல்காரிதத்தைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவதே தூங்கக்கூடிய வேலை. தேவைப்பட்டால் மாட்யூலையும் அது ஏற்றும். எனவே அதை, தூங்க அனுமதி உள்ள ப்ராசஸ் சூழலில் முடிக்க வேண்டும். சாவி பொருத்துவதையும் அங்கேயே வைத்துக்கொள்வது நல்லது. குறியாக்கத்தையும் குறிநீக்கத்தையும் சாஃப்ட்ஐஆர்க்யூவிலும் (இன்டரப்டுக்குப் பின் ஓடும், தூங்க முடியாத கட்டம்) செய்யலாம். வன்பொருள் இன்டரப்டையே நேரடியாகக் கையாளும் ஹார்ட்ஐஆர்க்யூவில் கூடவே கூடாது.

உண்மையான ஆபத்து ஏசிங்க் கோரிக்கையில் இருக்கிறது. அழைப்பு 'வேலை நடக்கிறது' என்ற குறியீட்டோடு திரும்பினால், வேலை முடிந்ததும் கெர்னல் அழைக்கும் கால்பேக் ஃபங்ஷன் வரும்வரை பஃபர், ஐவி (குறியாக்கத்தின் தொடக்க மதிப்பு), கோரிக்கை மூன்றையும் தொடக்கூடாது. கால்பேக் சாஃப்ட்ஐஆர்க்யூவில் வரலாம் என்பதால் அதற்குள் மியூடெக்ஸ் (தூங்கிக் காத்திருக்கும் பூட்டு) பிடிக்க முடியாது. முடியும்வரை காத்திருக்கும் உதவி ஃபங்ஷனோ தூங்கும். தூங்க அனுமதிக்காத பூட்டான ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு அதை அழைக்க வழியில்லை. இதில் கொடுமை என்னவென்றால், ஏஇஎஸ் குறியாக்கத்துக்கான சிபியூ கட்டளைகள் கொண்ட சாதாரண x86 கணினியில் அதே அழைப்பு பெரும்பாலும் உடனே முடிந்து பூஜ்யத்தைத் திருப்பிவிடும். பஃபரை அவசரப்பட்டு விடுவிக்கும் கோடு அங்கே எல்லாச் சோதனையிலும் தேறும். தனி கிரிப்டோ எஞ்சின் உள்ள போர்டில் ஓடும்போதுதான், விடுவித்த நினைவகத்தில் வன்பொருள் எழுதுவது தெரியவரும்.

லைப்ரரி வழியில் இந்தத் தொல்லை இல்லை. ஷா-256 என்ற ஹாஷ் ஃபங்ஷனின் அழைப்பு நினைவகம் எதையும் ஒதுக்குவதில்லை, பிழை திருப்புவதில்லை, திரும்பும்போது வேலை முடிந்திருக்கும். எந்தச் சூழலிலிருந்தும் அழைக்கலாம். ஸ்டாக்கில் உள்ள பஃபரைக்கூடத் தரலாம். நினைவகத் துண்டுகளின் பட்டியலான ஸ்கேட்டர்லிஸ்ட்டைக் கேட்கும் கிரிப்டோ ஏபிஐ வழியில், ஸ்டாக் விமால்லாக் பகுதியில் (நேரடியாக மேப் ஆகாத நினைவக முகவரிகள்) இருக்கும் கெர்னல்களில் அது செல்லாது.

எஸ்ஐஎம்டி (ஒரே கட்டளையில் பல தரவுகளைக் கையாளும் வெக்டர் முறை) விஷயத்தில் மட்டும் இரண்டு வழிக்கும் சிக்கல் பொது. வெக்டர் ரெஜிஸ்டர்களை கெர்னல் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருக்கும்போது இன்டரப்ட் குறுக்கிட்டால், அந்த இன்டரப்டில் ஓடும் கோடுக்கு அவை கிடைக்காமல் போகலாம். ஏசிங்க் வழியில் கிரிப்ட்டிடி என்ற கெர்னல் மாட்யூல் அந்த வேலையை வொர்க்யூவுக்கு (பின்னர் செய்யும் வேலைகளின் வரிசை) தள்ளிவைத்தது, தாமதம் கூடியது. லைப்ரரி, வெக்டர் இல்லாத பொதுக் கோடுக்கு இறங்கி அங்கேயே முடித்துவிடும், அது மெதுவானது. அட்டவணை வைத்து இயங்கும் ஏஇஎஸ் ஆக இருந்தால் சிபியூ கேஷை அணுக ஆகும் நேர வேறுபாட்டின் வழியே சாவி கசியும் வாய்ப்பும் உண்டு. இதைச் சின்ன விலை என்று நான் சொல்லமாட்டேன்.

இப்படி வேலையை ஒத்திவைப்பதன் விலையை, டிஸ்க்கைக் குறியாக்கும் டிஎம்-கிரிப்ட் நன்றாகக் காட்டியது. அதன் வொர்க்யூக்களைத் தவிர்க்கும் விருப்பங்கள் 2020-இல் 5.9 பதிப்பில் வந்தன. ஆனால் டிஸ்க்கின் பதில் ஹார்ட்ஐஆர்க்யூவில் வந்தால் அப்போதும் சாஃப்ட்ஐஆர்க்யூவில் ஓடும் டாஸ்க்லெட்டுக்குத் தள்ளத்தான் வேண்டியிருந்தது.

விண்டோஸ் கெர்னல் இதே கேள்வியைத் தொடக்கத்திலேயே கேட்டுவிடுகிறது. அதன் குறியாக்க ஏபிஐயான சிஎன்ஜியில், தூங்க முடியாத டிஸ்பாட்ச் லெவலில் வேலை செய்ய வேண்டுமானால், அல்காரிதத்தைத் தரும் புரொவைடரைத் திறக்கும்போதே அதற்கான கொடியைத் தர வேண்டும். தரும் நினைவகமும் பேஜ் ஆகாததாக (டிஸ்க்குக்கு மாற்றப்படாததாக) இருக்க வேண்டும். லினக்ஸில் 'தூங்கலாம்' என்ற கொடி ஒவ்வொரு கோரிக்கையிலும் தனித்தனியாகப் போகிறது. தவறான இடத்திலிருந்து அனுப்பினாலும் சில சமயம் ஓடிவிடும். எனக்கு விண்டோஸ் முறையே பிடிக்கிறது.

அல்காரிதம் எதுவென்று எழுதும்போதே தெரிந்திருந்தால் லைப்ரரியை எடுங்கள். பயனர் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கும் ஐபிசெக், டிஎம்-கிரிப்ட் போன்றவற்றுக்கு கிரிப்டோ ஏபிஐ தவிர்க்க முடியாதது. அங்கும் தனி எஞ்சின் தேவையில்லை என்றால், ஒதுக்கும்போதே ஏசிங்க் செயலாக்கங்களை விலக்கும் மாஸ்க்கை (தேர்வை வடிகட்டும் கொடி) தந்துவிடுங்கள்.