வெட்மெடின் குளிசை: நாய்க்கு நல்லது, மேசையில் மட்டும் வைக்காதீங்க
பிமோபென்டன் எண்ட இதய நோய் மருந்து அடங்கிய இந்தச் சப்பும் குளிசையில் மாட்டிறைச்சி வாசம் இருக்கிறதால, அநேகமான நாய்கள் கையிலிருந்தே வாங்கித் தின்னும். வில்லங்கமும் அந்த வாசம்தான்: போத்தல் எட்டினால் முழுவதையும் காலி பண்ணிப்போடும்.

10 கிலோ நாய்க்கு வழமையாக 2.5 மில்லிகிராம், 12 மணித்தியாலத்துக்கு ஒருக்கா. சரியான அளவை மிருக வைத்தியர்தான் சொல்லவேணும். சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முந்திக் குடுங்க. மீன்சோற்றுக்குள்ள புதைச்சால் மருந்து உடம்பில சரியாச் சேராது. ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரட்டிக்க வேண்டாம்.

நடுக்கோட்டில சுத்தமாப் பாதியாகும், அது வசதி. மட்டக்களப்பு வெயிலில அடுப்படி 25 பாகையை லேசாத் தாண்டும்; குளிர்ச்சியான அறையில மூடி இறுக்கி வையுங்க. நாய்க்கு நித்திரையில நிமிடத்துக்கு 30 மூச்சுக்கு மேல போனால் உடனே வைத்தியரிட்ட காட்டுங்க. இதயத்தசை தடிச்ச நாய்க்கு இந்தக் குளிசை ஆகாது.