ஃபார்மேட் அடிப்பதா, நீலத்திரையைப் படிப்பதா?

கல்லிடைக்குறிச்சியில் வீட்டிலிருந்தே நாலைந்து கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். மாதாமாதம் 20-ஆம் தேதி கெடு. அதற்கு முந்தின ராத்திரி பார்த்து மடிக்கணினி நீலத்திரை (விண்டோஸ் நிலைகுலைந்தால் வரும் பிழைத் திரை) காட்டிப் படுத்துக்கொள்ளும். ஒரே மாதத்தில் ஏழெட்டு தடவை. கொழுந்தன் வந்து பார்த்துவிட்டு, "சவத்தைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க மதினி" என்றார். காசு அவருடையது இல்லை என்பதால் அந்த யோசனையை இங்கே கணக்கில் எடுக்கவில்லை.

மிச்சம் இருப்பது இரண்டு வழி. கடையில் கொடுத்து ஃபார்மேட் அடிப்பது (எல்லாவற்றையும் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது), அல்லது நீலத்திரை சொல்வதைப் படித்து நாமே காரணத்தைப் பிடிப்பது. முதல் வழியில் இரண்டு தடவை போய்விட்டு இரண்டாவதுக்கு வந்தவள் நான். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கப்போவதில்லை.

ஃபார்மேட்டில் வசதி உண்டு. காலையில் கொடுத்தால் சாயங்காலம் கையில். எனக்கு 600 ரூபாய் ஆனது. "ஃபார்மேட் அடிச்சா சரியாயிரும்க்கா" என்று கடைத் தம்பி சொன்னது பொய்யும் இல்லை, ஒன்பது நாள் சரியாகத்தான் இருந்தது. ஆனால் கணக்கு மென்பொருளான டேலி, பிரிண்டர், தமிழ் விசைப்பலகை, டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் டிரைவர் (அந்தக் கருவியை இயக்கும் மென்பொருள்) எல்லாவற்றையும் திரும்பப் போட எனக்கு ஒன்றரை நாள் போனது. அதைக் கடைக்காரர் பில்லில் சேர்ப்பதில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாதது வேறு. ஃபார்மேட் தடயத்தை அழித்துவிடுகிறது. நீலத்திரை வரும்போதெல்லாம் பெரும்பாலும், சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டரில் அந்த நேரத்துச் சங்கதியை விண்டோஸ் ஒரு சின்னக் கோப்பாக எழுதி வைக்கிறது. ஏழெட்டு தடவை விழுந்ததற்கு ஏழெட்டு சாட்சி. சி டிரைவைத் துடைத்ததும் அத்தனையும் போச்சு. கோளாறு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இரண்டாவது ஃபார்மேட்டுக்குப் பிறகும் விழ ஆரம்பித்தபோது கடைக்குப் போகவில்லை. தானாக ரீஸ்டார்ட் ஆகும் வசதியை முதலில் நிறுத்தினேன், அப்போதுதான் திரை நின்று படிக்கக் கிடைக்கும். அப்புறம் புளூஸ்கிரீன்வியூ என்ற இலவச மென்பொருளில் மினிடம்ப் கோப்புகளைத் திறந்தேன். பெரும்பாலானவற்றில் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் கோப்பையே குற்றவாளியாகக் காட்டியது. அதை நம்பிவிடக் கூடாது. திருடு போன வீட்டில் வாட்ச்மேன் நின்றதுபோல, விழுகிற நேரத்தில் அது அங்கே இருந்தது, அவ்வளவுதான். பார்க்க வேண்டியது பிழையின் பெயரை. ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்து, கூடவே ஒரே டிரைவரும் வந்தால் அந்த டிரைவரைச் சந்தேகப்படலாம். எனக்கு ஒரு நாள் 'மெமரி மேனேஜ்மென்ட்', ஒரு நாள் 'பேஜ் ஃபால்ட்', இன்னொரு நாள் 'ஐஆர்கியூஎல்' என்று ஆளுக்கொரு கதை. கதை இப்படி மாறிக்கொண்டே இருந்தால் முதலில் சோதிக்க வேண்டியது ரேம், அதாவது கணினியின் தற்காலிக நினைவகம்.

விண்டோஸோடு வரும் மெமரி சோதனை ஒன்றுமில்லை என்றது. விடாமல் மெம்டெஸ்ட் என்ற ரேம் சோதனை மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, ராத்திரி ஓடவிட்டுப் படுத்தேன். காலையில் திரையில் சிவப்பு வரிகள். போன வருடம் கூடுதலாகப் போட்ட 8 ஜிபி ரேமைக் கழற்றி, பித்தளை நிற முனைகளை அழிரப்பரால் தேய்த்து மாட்டினேன். மறுபடியும் சிவப்பு. அதை எடுத்துவிட்டு, போர்டிலேயே இருக்கும் 4 ஜிபியோடு ஓட்டினால் ஒரு பிழையும் இல்லை. சரி, ஆள் சிக்கியாச்சு. புது ரேமுக்கு எனக்கு 1,700 ரூபாய் ஆனது.

அந்த ஒன்பது நாள் நிம்மதிக்கும் அப்போதுதான் விளக்கம் கிடைத்தது. புது விண்டோஸில் வேலை குறைவு, ரேமின் கெட்டுப்போன பகுதி வரை அது எட்டிப் பார்ப்பது குறைவு. டேலியும் இருபது பிரவுசர் டேபும் ஏறியதும் எட்டிவிடும். இதைவிட மோசம், கெட்ட ரேமை வைத்துக்கொண்டு விண்டோஸ் போட்டால் போடும்போதே கோப்புகள் பழுதாகலாம்.

வெயிலைப் பற்றியும் எல்லோரும் சொன்னார்கள். மே மாதம் பாளையங்கோட்டைப் பக்கம் 40 டிகிரி தொடும், உண்மைதான். ஆனால் சூடு மிஞ்சினால் மடிக்கணினி பெரும்பாலும் நீலத்திரை காட்டாமலே சட்டென்று அணைந்துவிடும். விசிறியில் தூசி இருந்தால் துடையுங்கள், அதோடு விடுங்கள்.

நான் நோண்டிப் பார்த்தவை மொத்தம் இரண்டே மடிக்கணினிகள், அதையும் சொல்லிவிடுகிறேன். 'வீயா' (WHEA) என்று தொடங்கும் பிழை வந்தால் அது வன்பொருள் சங்கதி. பிராசசர், போர்டு வரை போகலாம், அங்கே என் கை நீளாது. வாரண்டி இருந்தால் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

இரண்டாவது மடிக்கணினி தங்கையுடையது. ரேம் சுத்தம், சிஸ்டம் கோப்புகள்தான் சிதைந்திருந்தன. அவற்றைச் சரிசெய்வதற்கென்றே விண்டோஸில் இருக்கும் எஸ்எஃப்சி (SFC) கட்டளையும் டிசம் (DISM) கட்டளையும் ஓட்டியும் தேறவில்லை. அதற்கு ஃபார்மேட்தான் அடித்தோம். அதற்கு முன்னால் மினிடம்ப் ஃபோல்டரை மட்டும் பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டேன்.