ரேக் பிடியுவுக்கு டிஹெச்சிபி முன்பதிவா, நிலையான ஐபியா?

சர்வர் ரேக்கில் பொருத்தும் பிடியுக்களும் (கருவிகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுத்து, அவுட்லெட்டுகளை நெட்வொர்க் வழியே அணைத்துப் போட உதவும் பெட்டிகள்) யுபிஎஸ் மேலாண்மை கார்டுகளும் பெரும்பாலும் டிஹெச்சிபி இயங்கும் நிலையிலேயே, அதாவது நெட்வொர்க் முகவரியான ஐபியை ஒரு சர்வரிடம் தானாகக் கேட்டுப் பெறும்படியே வருகின்றன. அதை அப்படியே விட்டுவைத்தால் ஐபி எப்போதாவது மாறிவிடலாம். அப்போது கண்காணிப்பு மென்பொருள் பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும். ஆகவே உண்மையான போட்டி, டிஹெச்சிபி சர்வரில் கருவியின் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) பதிந்து எப்போதும் ஒரே ஐபியைக் கொடுக்கும் முன்பதிவுக்கும், கருவியிலேயே தட்டச்சு செய்துவிடும் நிலையான ஐபிக்கும்தான். முன்பதிவில் தொடங்கிய நான், பிடியுக்களை மட்டும் நிலையான ஐபிக்கு மாற்றிவிட்டேன்.

முன்பதிவின் வசதியைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஒட்டுத்தாளில் அச்சிட்டிருக்கும் மேக் முகவரியைப் பார்த்துப் பதிந்துவிட்டால், கருவி ரேக்கில் ஏறும் முன்பே முகவரி தயார். கேட்வேயோ (வெளி நெட்வொர்க்குக்கான வாயில்) டிஎன்எஸ்ஸோ (பெயரை ஐபியாக மாற்றித் தரும் சேவை) மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். கார்டு பழுதாகி வேறு கார்டு போடும்போது மேக் மாறுவதால் பதிவையும் திருத்த வேண்டும் என்பது சிறு தொல்லைதான்.

நான் மாறியதற்குக் காரணம், மின்சாரம் போய்த் திரும்பும் அந்தச் சில நிமிடங்கள். பிடியுவின் கார்டு விரைவில் விழித்துக்கொள்ளும். நெட்வொர்க்கில் சுழல் ஏற்படாமல் தடுக்கும் பழைய ஸ்பானிங் ட்ரீ முறையில் இயங்கும் சுவிட்ச் போர்ட்டோ, கேட்பதற்கு 15, கற்பதற்கு 15 என 30 விநாடிகள் கழித்தே தரவைக் கடத்தும். சர்வர் எழ அதற்கும் மேல் ஆகும். கார்டு திரும்பத் திரும்பக் கேட்பதால் வழக்கமாக இது தானே சரியாகிவிடும். ஒரு முறை டிஹெச்சிபி சர்வரே பூட் ஆகும்போது பாதியில் உறைந்துவிட்டது. அதன் அவுட்லெட்டை அணைத்துப் போட வேண்டிய பிடியு, அதே சர்வரிடம் முகவரி கேட்டுக் காத்துக்கொண்டிருந்தது. கடைசியில் ரேக்கின் பின்புறம் போய்க் கையால் பிளக்கைப் பிடுங்கிச் செருகினேன்.

லீஸ் காலத்தை, அதாவது சர்வர் தந்த முகவரி செல்லுபடியாகும் காலத்தை, நீட்டினால் போதாதா என்று கேட்கலாம். இயக்கத்தில் இருக்கும் கருவி பாதி லீஸ் கழிந்ததும் புதுப்பிக்கத் தொடங்குவதால், நீண்ட லீஸ் சர்வரின் சிறு தடங்கல்களைத் தாங்கும். மின்சாரமே போய் கார்டு புதிதாக எழும்போது நிலைமை வேறு: லீஸ் மிச்சமிருந்தால், சர்வர் பதில் தராவிட்டாலும் பழைய முகவரியைத் தொடரலாம் என்று டிஹெச்சிபியின் விதிகளை வகுத்து 1997இல் வெளியான ஆர்எஃப்சி 2131 ஆவணம் அனுமதிக்கிறதே தவிர, கட்டாயப்படுத்தவில்லை. அது கார்டின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் பொறுத்தது.

நிலையான ஐபிக்கும் பராமரிப்பு உண்டு. அந்த முகவரிகளை டிஹெச்சிபி சர்வர் பங்கிடும் முகவரித் தொகுப்பிலிருந்து விலக்காவிட்டால் வேறொரு கருவிக்கும் அதே ஐபி போய்ச் சேரலாம். யாராவது பிடியுவைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்தால் எல்லாம் அழிந்துவிடும். எந்த முகவரிகள் உள் நெட்வொர்க்கைச் சேர்ந்தவை என்று காட்டும் சப்நெட் மாஸ்க்கில் ஓர் எண் பிசகினால், பக்கத்துக் கருவிக்குப் பதில் சொல்லும் பிடியு வெளியிலிருந்து எட்டாமல் போகலாம். ஐபி, மாஸ்க், கேட்வே மூன்றையும் பிடியுவின் முகப்பிலேயே ஒட்டிவைத்திருக்கிறேன்.

தனித்தனி மின்வழிகளில் இரண்டு டிஹெச்சிபி சர்வர்கள் ஓடும் இடத்தில் என் வாதம் வலுவிழக்கும் என்றே நினைக்கிறேன். அத்தகைய அமைப்பை நான் நடத்தியதில்லை. யுபிஎஸ் கார்டுகளை இன்னும் முன்பதிவிலேயே வைத்திருக்கிறேன், ஏனெனில் உறைந்த சர்வரை மீட்க நான் தேடுவது அவற்றை அல்ல.