நோட்டரி மேசையில் மொழிபெயர்க்கப்படாத ஒரு வரி

ஸ்பெயினின் கோஸ்டா பிளாங்கா கரையில் வீடு பார்த்துக்கொண்டிருக்கும் லண்டன் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் நட்பு வட்டத்திலேயே இரண்டு குடும்பங்கள் இப்போது முன்பணம் கொடுக்கும் நிலையில் இருக்கின்றன. 2023 அக்டோபரில் நானும் என் மனைவியும் அந்தக் கரையிலுள்ள டொரெவியேஹாவில் ஒரு வீடு வாங்கினோம். பேசிய விலைக்கும் வரிக்கும் மேலாக அந்த வீட்டுக்கு 12,820 யூரோ கட்டியிருக்கிறோம். பிறகு அமர்த்திய வழக்கறிஞரின் செலவு இதில் சேரவில்லை. இரண்டு தாள்களை முன்கூட்டியே கேட்டு வாங்கியிருந்தால் இந்தப் பணம் எங்கள் கையிலேயே இருந்திருக்கும். அந்தத் தாள்களைக் கேட்டுப் பெறுவதற்காகத்தான் ஒருவருக்குக் கட்டணமும் கொடுத்திருந்தோம்.

டொரெவியேஹா உப்பளங்களால் வளர்ந்த ஊர். ஊருக்குப் பின்னால் இளஞ்சிவப்பு நிறத்தில் ஓர் உப்பேரி கிடக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் பெரிய சந்தை கூடும். அலிகாந்தே விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். மருத்துவமனை ஆய்வகத்தில் 27 ஆண்டுகள் வேலை செய்துவிட்டு ஓய்வை நெருங்கிய எனக்கு, மூட்டுவலியோடு லண்டன் குளிரைத் தாங்கும் மனைவிக்கு, அந்த ஊர் பிடித்துப்போனதில் வியப்பில்லை. ஜூலையில் போய்ப் பார்த்தோம். 1974-இல் கட்டிய கட்டிடம், மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறைகள். கண்ணாடி அடைத்த பால்கனியில் நின்றால் இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே ஒரு கீற்றுக் கடல் தெரியும். விலை 1,12,000 யூரோ. விற்றவர் பிரித்தானியர், இங்கிலாந்தில் வசிப்பவர். முகவரும் பிரித்தானியர். நம் மொழியில் பேசுகிறார், நம் நாட்டுக்காரர் என்ற நிம்மதி முதல் நாளே வந்துவிட்டது. அந்த நிம்மதியை அவர்கள் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

“வழக்கறிஞரைத் தேடி நீங்கள் அலைய வேண்டாம், எங்களோடு வழக்கமாக வேலை செய்பவர் ஒருவர் இருக்கிறார், ஆங்கிலம் நன்றாகப் பேசுவார்” என்றார் முகவர். வழக்கறிஞரின் அலுவலகம் முகவர் அலுவலகம் இருந்த கட்டிடத்தின் மேல்மாடியில். கட்டணம் வீட்டு விலையில் ஒரு சதவீதம், அதற்கு மேல் 21 சதவீதம் வாட் வரி, மொத்தம் 1,355 யூரோ. முகவர் ஒருவரை நமக்காக ஏற்பாடு செய்தால், அவருக்கு அடுத்த வாடிக்கையாளரை அனுப்பப்போவதும் அதே முகவர்தான். விற்பனையைத் தடுக்கக்கூடிய ஒரு குறையைக் கண்டுபிடித்துச் சொல்வதால் அந்த வழக்கறிஞருக்கு இழப்பே தவிர ஆதாயம் இல்லை. இதை அன்று நான் யோசிக்கவில்லை.

வீட்டைச் சந்தையிலிருந்து விலக்கிவைக்க 3,000 யூரோ கட்டினோம். பன்னிரண்டே நாட்களில் அர்ராஸ் எனப்படும் முன்பண ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். விலையில் பத்து சதவீதம் அப்போதே கைமாறுகிறது. ஸ்பானியக் குடிமைச் சட்டத்தின் 1454-ஆம் பிரிவுப்படி, அதன் பிறகு வாங்குபவர் பின்வாங்கினால் அந்தப் பணம் போய்விடும். விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். ஆகவே எல்லாச் சோதனைகளும் அர்ராஸுக்கு முன்பே முடிய வேண்டும். எங்களுக்கு வந்த “சட்ட அறிக்கை” ஒரே பக்கம். அதனுடன் சொத்துப் பதிவகத்திலிருந்து எடுத்த நோட்டா சிம்ப்ளே என்ற சுருக்கப் பிரதி. அடமானம் இல்லை, ஜப்தி இல்லை, விற்பவரே உரிமையாளர். “எல்லாம் சுத்தம்” என்று மின்னஞ்சல் வந்தது.

நோட்டா சிம்ப்ளே என்பது நம் ஊர் வில்லங்கச் சான்றிதழ் போன்றது. யார் உரிமையாளர், என்ன கடன் பதிவாகியிருக்கிறது, எவ்வளவு பரப்பு என்று சொல்லும். கட்டிட உரிமையாளர் சங்கத்துக்கு அந்த வீடு எத்தனை ஆண்டுகளாகப் பாக்கி வைத்திருக்கிறது என்பது வழக்கமாக அதில் இருக்காது. சங்கக் கூட்டத்தில் என்ன தீர்மானம் நிறைவேறியது என்பதும் இருக்காது. பால்கனியைக் கண்ணாடியால் அடைக்க நகராட்சி அனுமதி உண்டா என்பதும் இருக்காது. சொல்லப்போனால் அந்தப் பிரதியே ஒரு குறையை அப்பட்டமாகக் காட்டியது: விளம்பரத்தில் 74 சதுர மீட்டர், பதிவகத்தில் 61. “இங்கே எல்லா வீடும் இப்படித்தான்” என்றார் முகவர். வழக்கறிஞர் அதைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை.

அக்டோபரில் நோட்டரி அலுவலகத்துக்குப் போனோம். அந்த ஒரு மணி நேரத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் வீடு வாங்கிப் பழகிய நாம், நோட்டரியை நம் தரப்பு வழக்கறிஞரான சொலிசிட்டர் போல நினைத்துக்கொள்கிறோம். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. அவர் அரசு அதிகாரம் பெற்ற பொது அலுவலர். இரு தரப்புக்கும் நடுவில் நிற்பவர். ஆட்களை அடையாளம் பார்ப்பார், பத்திரம் சட்டப்படி இருக்கிறதா என்று பார்ப்பார், வாசித்துக் காட்டுவார். இந்த விலைக்கு இந்த வீட்டை வாங்குவது உனக்கு நல்லதா என்று சொல்வது அவர் வேலை அன்று. அதைச் சொல்ல வேண்டியவர் நம் வழக்கறிஞர். ஸ்பெயினில் வீடு வாங்க வழக்கறிஞரை அமர்த்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது என்பதால், அந்த நாற்காலி காலியாக இருந்தாலும் யாரும் ஏனென்று கேட்கப்போவதில்லை.

எங்களுக்கு ஸ்பானிய மொழி தெரியாது. மொழிபெயர்க்க முகவர் தன் அலுவலகத்துப் பெண் ஒருவரையே அழைத்து வந்திருந்தார். நோட்டரி பத்திரத்தை நிதானமாக வாசித்தார். ஒவ்வொரு பத்திக்கும் அந்தப் பெண் ஒரு வாக்கியம் சொன்னார். ஓர் இடத்தில் நோட்டரி நிறுத்தி, என் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டார். “மின்சாரம், தண்ணீர், சங்கக் கட்டணம் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார், ஆம் என்று சொல்லுங்கள்” என்றார் அந்தப் பெண். நான் தலையசைத்தேன். வழக்கறிஞர் வரவில்லை, அவருடைய உதவியாளர் என் பக்கத்தில் அமர்ந்திருந்தார். அவர் வாய் திறக்கவில்லை.

உண்மையில் அந்தப் பத்தி என்ன சொன்னது என்பதை ஆறு மாதம் கழித்து, அலிகாந்தேயில் நானே தேடிக் கண்டுபிடித்த வேறொரு வழக்கறிஞர் விரலால் தொட்டுக் காட்டினார். அடுக்குமாடிச் சொத்துச் சட்டப்படி, வீட்டை விற்பவர் சங்கத்துக்குப் பாக்கி இருக்கிறதா என்று காட்டும் நிலுவைச் சான்றிதழைப் பத்திரப் பதிவின்போது கொண்டுவர வேண்டும். அது இல்லாமல் நோட்டரி பத்திரத்தை முடிக்க முடியாது. ஒரே ஒரு விதிவிலக்கு: வாங்குபவர் வெளிப்படையாக விற்பவரை அந்தக் கடமையிலிருந்து விடுவிக்கலாம். ‘எக்ஸோனெரா’ (விடுவிக்கிறார்) என்ற சொல்லோடு அந்த வரி என் பத்திரத்தில் இருந்தது. நோட்டரி என்னைப் பார்த்துக் கேட்டது அதைத்தான். நான் ஆம் என்று தலையசைத்தது அதற்குத்தான்.

2024 பிப்ரவரியில் நாங்கள் மறுபடி போனபோது தபால் பெட்டியில் சங்க நிர்வாகியின் கடிதம் கிடந்தது. 2017 ஜனவரி முதல் மாதம் 70 யூரோ வீதம் 5,740 யூரோ பாக்கி, கட்டாவிட்டால் நீதிமன்றம். என் மனைவி அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

புதிய வழக்கறிஞர் முதலில் செய்த வேலை அந்தத் தொகையைக் குறைத்தது. சங்கப் பாக்கி வீட்டோடு ஒட்டி வரும். ஆனால் வாங்கிய ஆண்டில் அதுவரை சேர்ந்ததற்கும், அதற்கு முந்தைய மூன்று நாட்காட்டி ஆண்டுகளுக்கும் மட்டுமே புதிய உரிமையாளர் பொறுப்பு. 2017, 2018, 2019 கழிந்தன. 3,220 யூரோவாக இறங்கியது. கடிதம் வந்தவுடன் பயந்து முழுத் தொகையையும் கட்டியிருந்தால் 2,520 யூரோ வீணாகப் போயிருக்கும். உங்களுக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால் முதலில் ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள்.

அதைவிடப் பெரிய அடி தெர்ராமா. பராமரிப்புக் கட்டணத்துக்கு மேல், பெரிய வேலைகளுக்காகச் சங்கம் போடும் சிறப்பு வசூலுக்குத்தான் அந்தப் பெயர். அந்தக் கரையில் 1960-களிலும் 70-களிலும் சுற்றுலாப் பெருக்கத்தின்போது எழுந்த கட்டிடங்கள் ஏராளம். கடற்காற்றின் உப்பு காங்கிரீட்டுக்குள் இறங்கி, கம்பி துருப்பிடித்து வீங்கி, பால்கனி விளிம்புகள் உடைந்து விழத் தொடங்குகின்றன. எங்கள் ஊர் இருக்கும் வலென்சியப் பகுதியில் ஐம்பது வயதான குடியிருப்புக் கட்டிடத்துக்கு ஆய்வறிக்கை கட்டாயம். எங்கள் கட்டிடம் அந்த வயதை நெருங்கியிருந்தது. முகப்பைப் பழுதுபார்க்க 2023 மே மாதக் கூட்டத்திலேயே தீர்மானித்துவிட்டார்கள். எங்கள் வீட்டின் பங்கு 9,600 யூரோ. 2024 ஜனவரி முதல் மாதம் 400 வீதம் 24 தவணைகள்.

மேயில் தீர்மானித்ததை அக்டோபரில் வாங்கியவன் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்டேன். தவணை செலுத்த வேண்டிய நாளில் யார் உரிமையாளரோ அவரே கட்ட வேண்டும் என்பதுதான் விதி என்றார் புதிய வழக்கறிஞர். வேறு ஏற்பாடு வேண்டுமானால் விற்பவரோடு எழுத்தில் பேசி, விலையில் கழித்திருக்க வேண்டும். நிலுவைச் சான்றிதழ் கையில் இருந்திருந்தாலும் இது அதில் தெரிந்திருக்குமா என்பது சந்தேகமே, ஏனென்றால் அக்டோபரில் ஒரு தவணைகூட நிலுவையாகியிருக்கவில்லை. ஆக்தா எனப்படும் கூட்டக் குறிப்புகளைக் கேட்டிருந்தால் மட்டுமே தெரிந்திருக்கும். அந்தக் குறிப்பின் பிரதியை இரண்டாம் மாடியில் வசிக்கும் ஸ்பானிய மூதாட்டி எனக்குக் காட்டினார். தன் பிரதிநிதி மூலம் வாக்களித்தவர்களின் பட்டியலில் எங்களுக்கு விற்றவரின் பெயர் இருந்தது. தெரிந்தே விற்றிருக்கிறார். “வீட்டைப் பார்க்க வந்தபோது என் கதவைத் தட்டியிருந்தால் சொல்லியிருப்பேனே” என்றார் அந்த அம்மா, பேரனை மொழிபெயர்க்கச் சொல்லி.

முகப்பு வேலைக்காகக் கண்ணாடிப் பால்கனியைக் கழற்றினார்கள். அதை அடைக்க ஒருபோதும் அனுமதி வாங்கப்படவில்லை என்பதால் திரும்பப் பொருத்த முடியவில்லை. விளம்பரத்தில் இருந்த 74 சதுர மீட்டரில் பதின்மூன்று இப்படிப் போயிற்று.

முகவர் அலுவலகத்தில் புகார்ப் படிவம் கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுத்தேன். ஸ்பெயினில் கடையானாலும் அலுவலகமானாலும் அந்தப் படிவத்தை வைத்திருக்க வேண்டும். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. முகவரின் பதில்: “அது உங்கள் வழக்கறிஞர் பார்க்க வேண்டிய விஷயம்.” முதல் வழக்கறிஞரின் பதில்: “நீங்கள் நோட்டரி முன்னிலையில் புரிந்துகொண்டு கையெழுத்திட்டிருக்கிறீர்கள்.” விற்றவருக்கு அனுப்பிய கடிதங்களுக்குப் பதிலே இல்லை. அந்த முதல் வழக்கறிஞர் மீது வழக்கறிஞர் சங்கத்தில் முறையிட்டிருக்கிறேன். அவர்கள் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம்; பணத்தைப் பெற்றுத்தர மாட்டார்கள். பணத்துக்குத் தனி வழக்கு வேண்டும். அதற்கான ஆவணங்களைச் சேர்த்துவருகிறோம்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். விற்பவர் ஸ்பெயினில் வசிக்காதவர் என்றால், வாங்குபவர் விலையில் மூன்று சதவீதத்தைப் பிடித்து ஒரு மாதத்துக்குள் வரித்துறைக்குக் கட்ட வேண்டும். அந்த 3,360 யூரோவை மட்டும் சரியாகப் பிடித்துக் கட்டினார்கள். அதைத் தவறவிட்டிருந்தால் அந்தப் பொறுப்பும் எங்கள் தலையில் விழுந்திருக்கும்.

நாங்கள் வாங்கியபோது வலென்சியப் பகுதியில் பழைய வீட்டுக்குச் சொத்து மாற்ற வரி பத்து சதவீதம். 2022 முதல் கதாஸ்த்ரோ என்ற அரசு நில மதிப்பீட்டுத் துறை நிர்ணயிக்கும் ஆதார மதிப்பு, நீங்கள் கொடுக்கும் விலையைவிடக் கூடுதலாக இருந்தால் அந்த மதிப்புக்குத்தான் வரி. மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்வதற்கு முன் அதைப் பாருங்கள். வாடகைக்கு விட்டுக் கடனை அடைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்: 2025 ஏப்ரல் முதல், ஒரு வீட்டைப் புதிதாகச் சுற்றுலா வாடகைக்கு விடச் சங்க உரிமையாளர்களில் ஐந்தில் மூன்று பங்கினரின் ஒப்புதல் தேவை. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு நாம் 180 நாட்களில் 90 நாட்கள்தான் தங்க முடியும். பெரும் விலைக்கு வீடு வாங்கினால் கிடைத்துவந்த வதிவிட விசாவும் 2025 ஏப்ரலில் நிறுத்தப்பட்டுவிட்டது.

கரையை விட்டு உள்ளே, தோட்டத்தோடு தனிவீடு பார்ப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் பெரிது. அல்மேரியா மாகாணத்தின் வேராவில் 2008 ஜனவரியில் ஒரு பிரித்தானியத் தம்பதியின் வீட்டை இடித்தார்கள். நகராட்சி அனுமதி கொடுத்துக் கட்டிய வீடு அது. அந்த அனுமதி செல்லாது என்று ஆண்டலூசிய அரசு வாதிட்டு, புல்டோசர் வந்து நின்றது. நகராட்சி முத்திரை இருக்கிறது என்ற ஒரு காரணத்துக்காக அர்ராஸில் கையெழுத்திட்டுவிடாதீர்கள்.

எங்கள் கடைசித் தெர்ராமா தவணை 2025 டிசம்பரில் முடிந்தது. நான் சொன்ன இரண்டு குடும்பங்களில் ஒன்று அடுத்த மாதம் அதே கரையில் அர்ராஸில் கையெழுத்திடுகிறது. நிலுவைச் சான்றிதழும் கடந்த மூன்று ஆண்டு ஆக்தாக்களும் கைக்கு வராமல் நாள் குறிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். சான்றிதழ் வந்துவிட்டது, ஆக்தாக்களுக்குக் காத்திருக்கிறார்கள். பத்திர நாளில் அவர்களோடு நானும் போகிறேன். மொழிபெயர்ப்பாளரை முகவரிடம் கேட்கவில்லை. அலிகாந்தேயிலிருந்து எங்கள் செலவில் அழைத்து வருகிறோம்.