பிறவித் தொற்றா, தாயின் நோயா, வெறும் சந்தேகமா: பச்சிளங்குழந்தைக்கு எந்தக் குறியீடு?

கேஸ் ஷீட்டில் "டார்ச் பாசிட்டிவ்" (டாக்சோபிளாஸ்மா, ருபெல்லா, சிஎம்வி, ஹெர்பஸ் போன்ற, தாயிடமிருந்து குழந்தைக்கு வரும் தொற்றுகளின் தொகுப்புப் பெயர்தான் டார்ச்) என்று மட்டும் எழுதியிருந்தால், நோய்களுக்குக் குறியீடு போடும் கோடருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. எந்தக் கிருமி, எந்த டெஸ்ட், பிறந்து எத்தனையாவது நாள் மாதிரி எடுத்தார்கள் என்பது தெரிய வேண்டும். ஐசிடி-10-சிஎம் என்ற அமெரிக்க நோய்க் குறியீட்டுத் தொகுப்பில் போட்டி பெரும்பாலும் மூன்று இடங்களுக்குள்தான்: பிறப்பையொட்டிய தொற்றுகளுக்கான பி35 முதல் பி37 வரையிலான வரிசை, பி00.2, இசட்05.1 (இங்கே பி என்பது எல்லா இடத்திலும் ஆங்கில P).

சிஎம்வி என்ற சைட்டோமெகலோ வைரஸை எடுத்துக்கொள்வோம். பிறந்த 21 நாட்களுக்குள் எடுத்த சிறுநீரில் பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் டெஸ்ட்) பாசிட்டிவ் என்றால், டாக்டர் பிறவித் தொற்று என்று எழுதலாம், பி35.1 தாராளமாகப் பொருந்தும். எச்சிலில் மட்டும் பாசிட்டிவ் என்றால் சிறுநீரிலும் பார்த்து உறுதி செய்ய வேண்டும், தாய்ப்பாலில் உள்ள வைரஸ் வாயில் ஒட்டியிருக்கக்கூடும். நாற்பதாம் நாளில்தான் முதல் டெஸ்ட் என்றால் கதையே வேறு. தொற்று கருவில் வந்ததா, பிறகு வந்ததா என்று அந்த ரிசல்ட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதனால் மாதிரி எடுத்த தேதி இல்லாத பி35.1-ஐ நான் நம்புவதில்லை. இந்தக் குறியீடு பிறந்த மாதத்தோடு முடிந்துவிடுவதுமில்லை. பள்ளி வயதில் அதே சிஎம்வியால் காது கேளாமை தெரிந்தால், காது கேளாமைக்கான எச்90 வரிசையோடு பி35.1-உம் வரலாம்.

பி00.2 தாய்க்குத் தொற்று இருந்து, அதனால் குழந்தை பாதிக்கப்பட்டு, ஆனால் அந்த நோய் குழந்தையிடம் வெளிப்படாத நிலைக்கு. இசட்05.1 ஆரோக்கியமான குழந்தையைச் சந்தேகத்தில் பரிசோதித்து, தொற்று இல்லை என்று முடிவானபோது. உடம்பில் சிவப்புப் புள்ளிகளோ வேறு அறிகுறியோ இருந்தால் இசட்05 கூடாது, அந்த அறிகுறியைத்தான் குறிக்க வேண்டும். இவை இரண்டையும் மாற்றிப் போடுவதுதான் அடிக்கடி பார்க்கும் பிழை.

சிபிலிஸ் பி வரிசையிலேயே இல்லை, ஏ50-இல் இருக்கிறது. இங்கே குழப்பம் அதிகம். தாயின் ஐஜிஜி என்ற ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு வந்துவிடும், ஆகவே குழந்தையின் ஆர்பிஆர் (சிபிலிஸுக்கான ரத்தப் பரிசோதனை) ரியாக்டிவ், அதாவது பாசிட்டிவ், என்பது மட்டும் போதாது. தாயின் அளவைவிட நான்கு மடங்கு உயர்ந்திருந்தால் அது வலுவான சான்று. நோய்ப் பரவலை எண்ணும் பொதுச் சுகாதாரக் கண்காணிப்புக் கணக்கு வேறு மாதிரி: தாய்க்குச் சரியான சிகிச்சை கிடைக்காமல் பிறந்த குழந்தை, அறிகுறி இல்லாவிட்டாலும் எண்ணிக்கையில் சேரும். அந்த வரையறையைக் கோடிங்குக்குக் கொண்டுவரக் கூடாது. பத்து நாள் பெனிசிலின் கொடுத்ததை வைத்து கோடர் தாமாக ஏ50 போடுவதும் தவறு. டாக்டருக்கு விளக்கம் கேட்டு கொயரி அனுப்புங்கள், அவர் எழுதட்டும்.

எச்ஐவியும் அப்படித்தான். தாயின் ஆன்டிபாடி குழந்தையிடம் 18 மாதம் வரைகூடத் தங்கும். ஆன்டிபாடி பாசிட்டிவாகி முடிவு உறுதியாகாத கட்டத்தில் ஆர்75 தான் நியாயம். எச்ஐவி நோய்க் குறியீடு ஒரு குழந்தையின் பதிவில் அவசரத்தில் ஏறிவிடக் கூடாது.